மூன்று வாரமாக அலாரம் அடிக்கிறது, மகன் எழவில்லை: நிறுத்திவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வயது மகன் இன்றுவரை வாரத்தில் ஐந்தாறு இரவுகள் படுக்கையை நனைக்கிறான். குழந்தை மருத்துவர் சிறுநீரையும் சர்க்கரையையும் பரிசோதித்து, நோய் எதுவும் இல்லை என்று சொல்லி, ஈரம் பட்டதும் அடிக்கும், ஜட்டியில் பொருத்தும் ஈர அலாரத்தை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாக வைக்கிறீர்கள். அது அலறும்போது நீங்கள் எழுகிறீர்கள், பக்கத்து அறையில் மாமனாரும் விழித்துவிடுகிறார். மகன் மட்டும் புரண்டு படுக்கிறான். இதை நிறுத்திவிடலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. பக்கவாதத்துக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் தவிக்கும் மாமனாருக்கும் இத்தகைய அலாரம் உதவுமா என்பது இரண்டாவது.

நிறுத்த வேண்டாம். மூன்றாவது வாரத்தில் குழந்தை தானாக எழாதிருப்பது தோல்வியின் அறிகுறி அல்ல. இந்த அலாரம் முதல் சில வாரங்களில் எழுப்புவது குழந்தையை அல்ல, பெற்றோரைத்தான். பெற்றோர் எழுந்து குழந்தையை முழுமையாக விழிக்க வைப்பதுதான் சிகிச்சையே. கருவி அதற்கான நேரத்தை மட்டும் சொல்கிறது. கடையில் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. குழந்தைகள் வார்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த அலாரம் பலனளிக்காமல் அலமாரிக்குள் போய்ச்சேர்ந்த வீடுகளில் பெரும்பாலானவை, நீங்கள் இப்போது நிற்கும் இதே மூன்றாவது வாரத்தில்தான் அதைக் கழற்றி வைத்தன.

இந்தக் கருவியின் வரலாறே இதைத்தான் சொல்கிறது. 1904-இல் பஃபவுண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், மருத்துவமனையில் எந்தக் குழந்தையின் படுக்கை நனைந்தது என்று செவிலியருக்கு உடனே தெரியட்டும் என்பதற்காக, விரிப்புக்குக் கீழே மின்கம்பி வைத்து மணி ஒன்றை இணைத்தார். அவருடைய நோக்கம் துணி மாற்றுவது மட்டுமே. ஆனால் சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளில் சிலர் படுக்கையை நனைப்பதையே நிறுத்தியிருந்தார்கள். செவிலியரை அழைக்கச் செய்த மணி குழந்தைக்கு மருந்தாகிவிட்டது. பின்னர் 1938-இல் அமெரிக்காவில் மவுரர் தம்பதியர் இதைச் சிகிச்சையாகவே வடிவமைத்து, 30 குழந்தைகளிடம் பயன்படுத்தி, அத்தனை பேருக்கும் பலன் கிடைத்ததாக வெளியிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அவ்வளவு தாராளமாக இல்லை. ஒழுங்காகப் பயன்படுத்திய குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சிகிச்சைக் காலத்தில் நனைப்பதை நிறுத்துகிறார்கள் என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. மருந்தே இல்லாத ஒரு முறைக்கு இது பெரிய வெற்றி என்பது என் கருத்து.

அலாரம் எப்போதும் தாமதமாகத்தான் அடிக்கிறது, சிறுநீர் வெளியேறிய பிறகு அடிக்கும் மணி எதைக் கற்றுக்கொடுக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். மணியோசை கேட்டதும் உடம்பு சட்டென்று இறுகுகிறது, ஒழுகிக்கொண்டிருந்த சிறுநீர் பாதியில் நிற்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்த உணர்வு, மணி, தசை இறுகுவது, விழிப்பு ஆகிய நான்கும் இரவுக்கு இரவு அடுத்தடுத்து நிகழும்போது, மூளை மெல்ல மெல்ல மணிக்கு முந்தைய கட்டத்திலேயே அந்த இறுக்கத்தைக் கொண்டுவரப் பழகுகிறது. பாவ்லவின் சோதனையில் மணியோசைக்கே எச்சில் ஊறப் பழகிய நாயைப் போன்றது இது என்று மவுரர் விளக்கினார். விரும்பத்தகாத ஓசையைத் தவிர்க்க உடல் கற்றுக்கொள்கிறது என்று பின்வந்தவர்கள் திருத்தினார்கள். எந்த விளக்கம் சரியானாலும், கண்ணால் காணக்கூடிய உண்மை ஒன்று உண்டு: குணமான குழந்தைகளில் பெரும்பாலோர் இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போவதில்லை, விடியும்வரை அடக்கிக்கொண்டு நன்றாகத் தூங்குகிறார்கள். அதனால் 'இவன் எழவே மாட்டான்' என்ற கவலையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். அவன் எழக் கற்றுக்கொள்வது பாதி வழி. எழத் தேவையில்லாமல் போவதுதான் நாம் போய்ச்சேர வேண்டிய இடம்.

இரவில் செய்ய வேண்டியதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் தவறு நடப்பது அங்கேதான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அலாரம் வைத்த முதல் இரவு நான் உடன் இருந்தேன். இரவு ஒன்றேகால் மணிக்கு அது கத்தியது. தாய் ஓடிவந்து, தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்ற பரிவில், முதலில் அலாரத்தை அணைத்தார், பிறகு அவனைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டுபோய்க் கழிப்பறையில் நிறுத்தினார். அவன் கண்ணைத் திறக்காமலேயே மீதியைக் கழித்தான், திரும்பி வந்து படுத்தான். காலையில் கேட்டால் இரவில் எதுவும் நடந்ததாகவே அவனுக்கு நினைவில்லை. அன்பினால் செய்தது என்றாலும், அன்றிரவு அந்தக் குழந்தையின் மூளைக்குப் பாடம் எதுவும் நடக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அலாரம் அடித்ததும் நீங்கள் அதை அணைக்காதீர்கள். அது கத்திக்கொண்டிருக்கும்போதே அவன் பெயரைச் சொல்லி அழைத்து, உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, தேவையானால் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, அவன் கையாலேயே அணைக்க வையுங்கள். விழித்துவிட்டானா என்பதை அறிய ஒரு சிறு கேள்வி கேளுங்கள்: நாளைக்கு என்ன கிழமை, வகுப்பு ஆசிரியை பெயர் என்ன என்பது போல. தெளிவாகப் பதில் வந்தால் விழித்திருக்கிறான். பிறகு தன் கால்களால் நடந்துபோய், சிறுநீர்ப்பையில் மிச்சம் இருப்பதைக் கழிக்க வேண்டும். இரண்டு சொட்டுதான் என்றாலும் போக வேண்டும். நனைந்த ஜட்டியை அவனே மாற்றட்டும், காய்ந்த விரிப்பை நீங்களும் அவனுமாகச் சேர்ந்து போடுங்கள், சென்சாரைத் துடைத்து மறுபடியும் அவனே பொருத்தட்டும். இவையெல்லாம் தண்டனை என்ற தொனியில் நடக்கவே கூடாது. எங்கே ஒரு சொல் சலிப்பாக வருகிறதோ, அங்கே குழந்தை அலாரத்தை எதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிடும். இரவில் ரகசியமாகக் கழற்றிவைத்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

படுக்கும் முன் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். விளக்கை அணைத்து, அவன் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள, நீங்கள் சென்சாரில் சில சொட்டு நீர் விட்டு அடிக்க வைத்து, அவன் எழுந்து அணைத்துக் கழிப்பறை வரை போய் வரட்டும். குடிநீர் வடிகட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குச் சில கருவிகள் அடிக்காது. அதில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் எளிதில் பாயாது. ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்துவிட்டுப் பாருங்கள். சிறுநீரில் உப்பு இருப்பதால்தான் இந்தக் கருவியே வேலை செய்கிறது: இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே ஈரம் படர்ந்ததும் சுற்று முழுமையடைகிறது, மணி அடிக்கிறது.

வேர்வையிலும் உப்பு உண்டு என்பது நம்மூர் வெயிலில் ஒரு தொல்லை. கோடை இரவுகளில் காரணமில்லாமல் அலாரம் அடிப்பதாக நீங்கள் குறிப்பிட்டிருப்பதும் இதனால்தான் இருக்கும். உடலை ஒட்டிய ஜட்டியின் வெளிப்பக்கத்தில் சென்சாரைப் பொருத்தி, அதன்மேல் சற்று இறுக்கமான இன்னொரு ஜட்டியைப் போட்டால், வேர்வை அவ்வளவு எளிதில் எட்டாது, சிறுநீர் எட்டிவிடும். கம்பி உள்ள கருவி என்றால் கம்பியைப் பனியனுக்கு உள்ளே விட்டுத் தோள் வரை கொண்டுபோய், மணியைத் தோளருகே பனியனில் குத்துங்கள்; மணி காதுக்கு அருகில் இருக்க வேண்டும், கம்பி கழுத்தைச் சுற்றி வரக் கூடாது. அடித்து முடிந்ததும் ஈரத்தோடு சென்சாரைத் தோலில் விட்டுவைக்காதீர்கள். படுக்கைக்கு அடியில் விரித்த பழங்காலக் கருவிகளில், அலாரம் அடித்தும் குழந்தை ஈரத்திலேயே கிடந்தபோது மின்னோட்டத்தால் தோலில் புண் ஏற்பட்டதுண்டு. இன்றைய கருவிகள் அந்த அளவுக்கு ஆபத்தானவை அல்ல என்றாலும் வழக்கம் நல்லது.

இனி, பலன் வருகிறதா என்று எப்படி அறிவது? காய்ந்த இரவுகளை மட்டும் எண்ணினால் நான்கு வாரத்தில் மனம் சோர்ந்துவிடும். ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: அலாரம் எத்தனை மணிக்கு அடித்தது, ஈரம் எவ்வளவு பரவியிருந்தது, எழுப்ப எவ்வளவு நேரமானது. முதல் வாரத்தில் இரவு பதினொன்றுக்கு அடித்தது மூன்றாவது வாரத்தில் மூன்று மணிக்கு அடிக்கிறது என்றால் அது முன்னேற்றம். விரிப்பு முழுவதும் நனைந்தது போய், ஜட்டியும் உள்ளங்கையளவு விரிப்பும் மட்டும் நனைந்தால் அது மிகப்பெரிய முன்னேற்றம்; மணி கேட்டதும் தசை இறுகுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. இரவில் இரண்டு முறை அடித்தது ஒருமுறையாகக் குறைவதும் அப்படியே. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நெறிமுறை நான்காவது வாரத்தில் இந்தத் தொடக்க அறிகுறிகளைத்தான் தேடச் சொல்கிறது. ஒன்றாவது தென்பட்டால் தொடர வேண்டும், ஒன்றுமே இல்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் திரும்ப வேண்டும். நான் சொன்ன மாற்றங்களை இன்றிரவிலிருந்து செய்து, இன்னும் நான்கு வாரம் கொடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இதுவரை ஓடிய மூன்று வாரத்தில் அவன் உண்மையில் விழிக்கவே இல்லை. பலன் தெரியத் தொடங்கினால் மொத்தம் மூன்று, நான்கு மாதம் ஆகலாம்.

தொடர்ந்து 14 இரவுகள் காய்ந்த பிறகே அலாரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றியபின் பிரச்சினை திரும்புவது சாதாரணம். குணமானவர்களில் கணிசமானவர்களுக்கு அது நடக்கிறது. அதைக் குறைக்க ஒரு வழி உண்டு: 14 இரவுகள் முடிந்ததும் உடனே கழற்றாமல், அலாரம் இருக்கும்போதே படுக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் கொடுத்து, நிறைந்த சிறுநீர்ப்பையோடு சமாளிக்கப் பழக்குவது. ஓரிரு இரவு மறுபடி நனையும், பிறகு சரியாகும். திரும்பவே வந்துவிட்டால் மறுபடியும் அலாரத்தை வையுங்கள். இரண்டாவது முறை பெரும்பாலும் முதல் முறையைவிட விரைவாகப் பிடித்துக்கொள்ளும்.

பகலையும் கொஞ்சம் கவனியுங்கள். பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருப்பதால் நம் பிள்ளைகள் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல், அடக்கிவைத்துக்கொண்டு வந்து, மாலையில் வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் இரவில்தான் இறங்கும். பள்ளி நேரத்தில் குடிக்கவும் போகவும் வகுப்பு ஆசிரியையிடம் பேசி வழிசெய்யுங்கள். இரவில் காபி, தேநீர், கோலா வேண்டாம். மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். கெட்டியான மலம் நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. அதைச் சரிசெய்யாமல் அலாரம் வைப்பது வீண். எட்டு வயதில் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 270 மில்லி கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு (வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்குவார்கள்). ஒரு விடுமுறை நாளில் அளவு குறித்த குவளையில் பிடித்துப் பார்த்து, மிகவும் குறைவாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவு பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நீங்களாகத் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைப்பது விரிப்பைக் காப்பாற்றும், ஆனால் குழந்தைக்கு எதையும் கற்பிக்காது.

உங்கள் மகனுக்கு இவை இல்லை என்று தெரிகிறது, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்: ஆறு மாதமோ அதற்கு மேலோ காய்ந்திருந்த குழந்தை திடீரென்று நனைக்கத் தொடங்கினாலோ, அடங்காத தாகமும் உடல் மெலிவும் சேர்ந்து வந்தாலோ, பகலிலும் ஒழுகினாலோ, எரிச்சல் இருந்தாலோ, நடையில் தளர்ச்சியோ முதுகுத்தண்டின் அடியில் குழியோ மயிர்க்கற்றையோ தென்பட்டாலோ, அலாரத்தை மறந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். உரத்த குறட்டை விடும் குழந்தைக்கு மூக்கடிச் சதையைப் பார்க்க வேண்டும். திடீர் மாற்றத்துக்குப் பின்னால் பயமோ, யாரேனும் செய்த கொடுமையோ இருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மாத்திரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். டெஸ்மோபிரெசின் என்பது இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் இயற்கைச் சுரப்பின் செயற்கை வடிவம். விரைவில் பலன் தரும்; நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். பள்ளிச் சுற்றுலா, உறவினர் வீட்டுத் திருமணம் போன்ற இரவுகளுக்கு அது கைகொடுக்கும். ஆனால் மருத்துவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், அதைக் கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை தண்ணீரை மிகவும் கட்டுப்படுத்த வேண்டும். இல்லையென்றால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகக்கூடும்.

அலாரம் பொருந்தாத வீடுகளும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இரவில் எழ யாருமில்லாத வீடு, கைக்குழந்தையால் ஏற்கெனவே தூக்கம் கெட்ட வீடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரியவர்களுக்குக் குழந்தைமேல் கோபம் இருக்கும் வீடு. என் தம்பி பதினொரு வயது வரை பாயை நனைத்தான். 'சூடு வைத்துவிடுவேன்' என்று அவனை மிரட்டாத பெரியவர் எங்கள் வீட்டில் இல்லை. விரிப்பைத் தெருப்பக்கக் கொடியில் காயப்போட்டு அவனை அதற்குக் கீழே நிற்க வைத்தார்கள். அவன் அறுபதை நெருங்கும் இந்த வயதிலும் அந்தக் கொடியைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறான். எந்தக் குழந்தையும் வேண்டுமென்று நனைப்பதில்லை. ஐந்து வயதில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேரும், ஏழு, எட்டு வயதில் 5 முதல் 10 பேரும் நனைக்கிறார்கள். உங்கள் மகனின் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் அவனைப்போல் இன்னும் ஓரிருவர் அங்கே வாய்திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதைத் தாண்டும், இருவருக்கும் என்றால் எழுபதைத் தாண்டும். உங்கள் கணவருக்கோ உங்களுக்கோ இருந்திருந்தால் அதை மகனிடம் சொல்லுங்கள். நான் பார்த்தவரையில், அந்த ஒரு செய்தியைக் கேட்டதும் குழந்தைகளின் முகம் மாறிவிடுகிறது.

மாமனாரின் நிலை வேறு. மகனுடைய அலாரம் பழக்குவதற்கான கருவி. பக்கவாதத்தால் மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு குறைந்த ஒருவரை அப்படிப் பழக்கிவிட முடியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அவருக்கு ஈர அலாரம் உதவுவது பஃபவுண்ட்லர் முதலில் நினைத்த அதே வேலைக்குத்தான்: நனைந்ததும் உங்களுக்குத் தெரிவிப்பது. அதுவும் சிறிய உதவி அல்ல. கை கால் அசைக்க முடியாதவர் ஈரத்தில் மணிக்கணக்காகக் கிடந்தால் தோல் ஊறி, சிவந்து, புண்ணாகும். ஆனால் அவருக்கு அருகில் கத்தும் கருவி வேண்டாம். வந்துபோகும் உறவினர் முன்னால் மணி அடித்தால் அவர் கூசிப்போவார். படுக்கையில் ஈர விரிப்பும், ஓசை உங்கள் அறையில் மட்டும் வருமாறு கம்பியில்லா இணைப்பும் உள்ளதை வாங்குங்கள்.

அதற்கு முன் மருத்துவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும். வயதான ஆண்களில் சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருந்தால், அது அடக்க முடியாததால் அல்ல, புராஸ்டேட் அடைப்பால் சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதாக இருக்கலாம். கழித்த பிறகு எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். நீர் பிரிக்கும் மாத்திரையை மாலையில் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். வேளையை மாற்ற முடியுமானால் மருத்துவர் சொல்வார். இவற்றுக்குப் பிறகு, பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் கேட்பதற்கு முன்பே சிறுநீர்க் குவளையைக் கொடுத்துப் பார்ப்பது எந்தக் கருவியையும்விட அதிகப் பலன் தரும். கைக்கடிகாரத்தில் அதிர்வு வைத்து நேரத்தை நினைவூட்டலாம். அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு, மீயொலியால் சிறுநீர்ப்பை நிரம்புவதைப் பார்த்து முன்கூட்டியே சொல்லும் டிஃப்ரீ என்ற கருவியை ஜப்பானின் டிரிபிள் டபிள்யூ நிறுவனம் விற்கிறது. நனைந்த பிறகு அடிக்கும் மணிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் சொன்னவுடன் எழுந்து போகவோ குவளையை எடுத்துக் கொடுக்கவோ ஆள் இருந்தால்தான் அதற்கும் பயன்.

வீட்டில் இரண்டு அலாரம் வரப்போகிறது என்றால், இரண்டுக்கும் வெவ்வேறு ஓசை வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் யாரிடம் ஓட வேண்டும் என்று தெரிய வேண்டும். எல்லா இரவும் நீங்கள் ஒருவராக எழுவதாக எழுதியிருக்கிறீர்கள், காலையில் வேலைக்கும் போகிறீர்கள். நான்கு மாதம் அப்படி ஓட்ட முடியாது. மகனின் அலாரத்துக்கு உங்கள் கணவர் எழட்டும், மாமனாரின் அலாரத்துக்கு நீங்கள் எழுங்கள், அல்லது இரவுகளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பதிலை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். கேள்வி கேட்டு விழிக்க வைப்பது, அவன் கையாலேயே அணைக்க வைப்பது, நோட்டில் எழுதுவது ஆகிய மூன்றையும் இருவரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்.